வெப்பக்கொள்வினையா, வெப்பங்கொள்வினையா?

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தாள் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சுண்ணாம்புக்கல் காளவாயில் வேகும்போது மோலுக்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் தெளித்தால் அதில் 65-ஐத் திருப்பித் தந்து, ஆவி கிளம்ப நீறுகிறது. மீதி 113 சுவரில் பூசியபின் கரியமிலவாயுவை ஏற்று இறுகும்போது மெல்ல வெளிவருகிறது. இவற்றைத் தமிழகப் பாடநூல் வழியில் 'வெப்பக்கொள்வினை', 'வெப்ப உமிழ்வினை' என்று கரும்பலகையில் எழுதியதும், "கொள்வினை சரி, கொடுப்பினை எங்கே ஐயா?" என்று கடைசி வரிசையில் ஒருவன் கேட்டான், அன்றைய வகுப்பு அத்தோடு கல்யாணப் பேச்சாகிவிட்டது. மாற்றுச் சொல் உண்டா?

*

ஐயா, இலங்கையில் நாங்கள் வெப்பம் உமிழ்வதைப் புறவெப்பத் தாக்கம், வெப்பம் கொள்வதை அகவெப்பத் தாக்கம் என்றே படித்தோம். பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ ஆக்கிய எக்ஸோதெர்மிக், எண்டோதெர்மிக் என்ற மூலச் சொற்களின் கிரேக்க முன்னொட்டுகளுக்கு இவை நேரானவை. அகமும் புறமும் தமிழ் படித்தவர்க்குப் புதியனவும் அல்ல.

*

அந்த நேர்மைதான் இடறுகிறது. புறவெப்பம் என்றால் புறத்திலிருந்து வரும் வெப்பம் என்றே மாணவன் கொள்வான், பொருள் தலைகீழாகிவிடும். 'வெப்பக்கொள்வினை' என ஒற்று மிகுவதாலேயே 'கொள்வினை' தனித்து நின்று சம்பந்தம் பேசுகிறது. வெப்பத்தைக் கொள்ளும் வினை என்பதே கருத்தாதலால், மகரம் இனமெல்லெழுத்தாகத் திரிந்து 'வெப்பங்கொள்வினை' என்றாகட்டும், இணையாக 'வெப்பமுமிழ்வினை'. இன்னொன்று: நாவுக்கரசரை ஏழு நாள் அடைத்துவைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நீற்றறையைக் காளவாய் என்று அகராதிகள் சொல்கின்றன. சொல்லின்படி அது நீற்றும் அறையல்லவா? அப்படியானால் அங்கே நிகழ்ந்தது வெப்பமுமிழ்வினையே.

*

நீற்றறையைச் செய்முறைத் தாளில் சேர்க்க இடமில்லை, மன்னிக்கவும். 'வெப்பமுமிழ்' என்பதைச் சொல்லிப் பார்த்த மூவரில் இருவருக்கு நாக்குச் சிக்கியது. ஆகவே 'வெப்ப உமிழ்வினை', 'வெப்பங்கொள்வினை' என்றே அனுப்பிவிட்டேன். ஒன்று சந்தி சேர்ந்தும் மற்றொன்று பிரிந்தும் நிற்பது குறையென்று அறிவேன். வெப்பங்கொள்வினைக்குத் தாளில் தந்திருந்த யூரியா கரைசல் எடுத்துக்காட்டையும் நீக்கிவிட்டேன். யூரியாவைக் கரைக்கும் வாளி சில்லிடுவது உண்மையென்றாலும், கரைவது வினையாகுமா என்று அடுத்த வாதம் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டு, நுரை பொங்கும் டம்ளரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

*

அச்சாகட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தாளைக் கொடுக்கும்போது 'அகவெப்பத் தாக்கம்' என்று ஓரத்தில் பேனாவால் எழுதியே கொடுப்பேன்.