மறு: ‘பதுங்கித் தாக்குதல்’ போதாதா? – ‘அசந்தடி’ என்று ஒரு முன்மொழிவு

(தேன்கனிக்கோட்டையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம்.

மேசையாட்டக் கலைச்சொற்களைத் தமிழாக்குவது பற்றித் தருமபுரி ஐயா எழுதிய மடலுக்குப் பதில் தாமதமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒருதரம் சோதித்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

> ஸ்னீக் அட்டாக் என்பதற்குப் ‘பதுங்கித் தாக்குதல்’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே. புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா. தப்பாகப் புரியும். அதுதான் சிக்கல்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதை சொல்லி, எதிரிகளையும் ஊராரையும் தானே பேசி நடத்துவார். கூத்து பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் அவரை நாங்கள் கட்டியங்காரர் என்கிறோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை 20 முகப் பகடை சொல்லும். இவ்வளவுதான்.

இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974இல். கள்வன் பாத்திரம் அதில் சேர்ந்தது அடுத்த ஆண்டு, ஒரு துணைநூலில். 1978 விதிப்படி அவன் எதிரிக்குப் பின்னால் போய்க் குத்த வேண்டும். பகடையில் 4 கூடும், காயம் இரட்டிப்பாகும், நிலை ஏற ஏற மும்மடங்கு, நான்மடங்கு ஆகும். அந்தக் காலத்து விதிக்கு ‘முதுகுக்குத்து’ என்றே மொழிபெயர்த்திருக்கலாம், பொருந்தியிருக்கும். 2000த்தில் வந்த மூன்றாம் பதிப்பில் விதி மாறியது, பெயரும் ஸ்னீக் அட்டாக் ஆனது. நாங்கள் ஆடும் 2014 பதிப்பில் அந்தக் கூடுதல் காயத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கள்வனுக்குச் சாதகம் இருக்க வேண்டும், அதாவது பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் உரிமை. பதுங்கியிருந்தால் அது கிடைக்கும். இரண்டாவது, எதிரியை ஒட்டிக் கள்வனின் கூட்டாளி ஒருவர் தெம்பாக நின்றால் போதும். கள்வனுக்குப் பாதகம் எதுவும் இல்லாதவரை சாதகமே வேண்டியதில்லை.

அந்த இரண்டாவது வழியில்தான் போன மாதம் சண்டை வந்தது. எங்கள் கதை ஓர் ஆநிரைக் கதை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது: தொறு (மாட்டு மந்தை) மீட்கப் போன நான்கு பேர். பட்டி நடுவில் தீவட்டி வெளிச்சத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றுகொண்டு கள்வன் குறுவாளை வீசினான். கூட்டாளி காவலனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விதிப்படி கூடுதல் காயம் உண்டு. ஆனால் அட்டையில் ‘பதுங்கித் தாக்குதல்’ என்று எழுதியிருந்தது. “இவன் எங்கே பதுங்கினான்?” என்று அரைமணி நேரம் வாக்குவாதம். விதியில் குழப்பமே இல்லை. நாங்கள் வைத்த பெயர்தான் சண்டை மூட்டியது.

வாலியை நினைத்துப் பாருங்கள். மரத்துக்குப் பின்னால் இருந்து அம்பு வந்தது என்பதையே நாம் காலங்காலமாகப் பேசுகிறோம். சுக்ரீவன் அவனைக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தான் என்பதும் பாதிக் காரணம். அடிக்கிறவன் ஒளிந்திருந்தானா என்று இந்த விதி கேட்கவில்லை. அடிபட்டவன் கவனம் எங்கே இருந்தது என்று கேட்கிறது. ஆகவே சொல் அடிபடுகிறவன் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. நம் பேச்சில் அது தயாராகவே இருக்கிறது: ‘அசந்த நேரம் பார்த்து அடிச்சிட்டான்’.

ஈழத்தில் கெரில்லாப் படையைக் கரந்தடிப்படை என்பார்கள். கரந்து அடிப்பது கரந்தடி. நல்ல சொல், ஆனால் அதற்கு ஒரு போர்முறையின் கனம் ஏறிவிட்டது. மேசையாட்டத்துக்கு இழுக்க எனக்கு மனமில்லை. அதன் சாயலில் அசந்தடி என்று முன்வைக்கிறேன்.

அடுத்து ஸ்டெல்த், அதாவது பிறர் அறியாமல் மறைந்து நகரும் திறன். ஐயா ‘களவு’ என்றார். பகைவர் நாட்டு ஆநிரையை அவர்கள் அறியாமல் கவர்ந்து வருவதைப் பாடும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணமே ‘வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’ என்பது; எங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. வெட்சித் துறைகளில் ‘புடைகெடப் போகிய செலவு’ என்றே ஒன்று இருக்கிறது, அக்கம்பக்கம் அறியாமல் நகர்ந்து போவது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனால் இன்றைக்குக் களவு என்றால் திருட்டு, கொஞ்சம் படித்தவருக்குக் காதல். திறன் அட்டையில் ‘களவு +7’ என்று எழுதினால் பையன்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கரவு என்று வைக்கலாம்.

ஆனால் ஒரு சொல் போதாது. எங்கள் பக்கம் ராகி வயலுக்கு யானை வரும். பரண்மேல் காவல் இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். இருட்டில் கதிர் ஒடிகிற சத்தம் கேட்கிறது, மேற்கு வரப்பில் நிற்கிறது என்று தெரிகிறது, உருவம் மட்டும் தெரியவில்லை. இது ஒரு நிலை. வாடை அடிக்கிறது, வந்திருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. இது இன்னொன்று. மூன்றாவது, ராத்திரி முழுக்க ஒன்றுமே இல்லை, விடிந்து பார்த்தால் பாதி வயலைக் காணோம். அவ்வளவு பெரிய உடம்பு, பஞ்சு வைத்த மாதிரி நடக்கும்.

இதே வகையைச் சேர்ந்த இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி விதியும் வைத்திருக்கிறது. முதல் நிலையில் இருப்பவனைக் குறிவைக்கலாம், ஆனால் முதலில் 20 முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இரண்டாவதில் வரைபடத்தில் எந்தக் கட்டம் என்று ஊகித்துத்தான் அடிக்க வேண்டும். மூன்றாவதில் அடிக்கவே தோன்றாது. கண்மறைவு, இடமறைவு, இருப்புமறைவு என்று வைத்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்தது கரவு.

பரண் ஆளைப் பற்றி இன்னொன்று. அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. பீடி பிடிப்பார், பேசுவார், ஆனாலும் காது திறந்திருக்கும். 2014 விதியில் அதற்கு உருட்டலே கிடையாது, 10உடன் அவருடைய கூர்மையைக் கூட்டிக்கொள்வதுதான். ஒளிகிறவனின் கரவு உருட்டல் அந்த எண்ணோடு மோதும். அதைக் காவலெண் என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மூலவிதியில் கூட்டாளி 5 அடிக்குள் நிற்க வேண்டும் என்று வரும். ‘5 அடிக்குள் நின்றால் அசந்தடி அடிக்கலாம்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள், எத்தனை அடி என்று எண்ணத் தொடங்கிவிடுவோம். வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடிதான். ‘பக்கத்துக் கட்டம்’ என்று எழுதினால் தீர்ந்தது. அதேபோல் ‘முறைக்கு ஒரு முறை’ வேண்டாம், ‘முறைக்கு ஒரு தடவை’.

(தருமபுரியிலிருந்து)

தம்பி,

வாதம் நன்று, வாலி நன்று. சொல்லில்தான் கோளாறு.

கரந்தடியில் கரந்தவனும் அடித்தவனும் ஒரே ஆள். கரந்து என்பது வினையெச்சம், அது அடிப்பவனோடு முடிகிறது. அதே வாய்பாட்டில் அசந்தடி என்றால் அசந்தவனே அடிக்கிறான் என்று ஆகும். தூங்கி வழிகிறவன் யாரை அடிப்பான்? இல்லை, அசந்த என்ற பெயரெச்சம்தான் என்றால், அடியோடு சேரும்போது உடம்படுமெய் வந்து ‘அசந்தவடி’ ஆக வேண்டும். அது கஞ்சி வடிக்கிற மாதிரி இருக்கிறது.

கவனம் தவறுவதற்குக் குறளில் ஓர் அதிகாரமே உண்டு, 54ஆவது: பொச்சாவாமை. பொச்சாப்படி என்று வைக்கலாமே? அது கடினம் என்றால் அயர்வடி.

(தேன்கனிக்கோட்டையிலிருந்து)

ஐயா, வணக்கம்.

மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்துப் பார்த்தேன். பொச்சாப்படிக்குப் பையன்கள் சிரித்த சிரிப்பில் கால்மணி நேரம் ஆட்டம் நின்றது. காரணத்தை மடற்குழுவில் எழுத முடியாது, மன்னிக்க வேண்டும். அயர்வடியை இருவர், களைத்துப்போன கள்வனின் அடி என்று எடுத்துக்கொண்டார்கள். உடல் களைப்புக்கு இந்த ஆட்டத்தில் ஆறு படியுள்ள தனி விதி இருக்கிறது, அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது.

அசந்தடியை யாரும் விளக்கம் கேட்கவில்லை. மூன்றாம் நிலைக் கள்வியாக ஆடும் கிருஷ்ணகிரிக் கல்லூரி மாணவி, கூட்டாளி பக்கத்துக் கட்டத்தில் நிற்பதைக் காட்டிவிட்டுப் பகடையை உருட்டினார். 12, கூட்ட 5, மொத்தம் 17. காவலனின் கவச எண் 16. பட்டது. குறுவாளுக்கு நான்முகப் பகடையில் 3, கைவாக்குக்கு 3, அசந்தடிக்கு இரண்டு ஆறுமுகப் பகடைகள்: 5, 4. ஆக 15. காவலனிடம் இருந்ததே 11 உயிர்ப்புள்ளிதான். “எங்கே பதுங்கினாய்?” என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்புறம் அவரே ஒன்று சொன்னார்: “அண்ணா, இதுக்குள்ள சந்தடியும் இருக்கே.” சந்தடியில்லாமல் வந்து அடித்தாலும் அசந்தடி, சந்தடி சாக்கில் அடித்தாலும் அசந்தடி. விதியின் இரண்டு வழியும் அதில் அடங்கிவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசும் ஓசூர் நண்பர் மேசையைத் தட்டிச் சிரித்தார், அவர்களுக்கும் சந்தடிதானே. இதை இலக்கணமாகச் சொல்லவில்லை ஐயா, சந்தடிக்கு முன்னால் அகரம் போட்டு எதிர்மறையாக்குவது நம் வழக்கமில்லை என்று தெரியும். நினைவில் நிற்க ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

வினையெச்சச் சிக்கலுக்கு என்னிடம் பதில் இல்லை.

(தருமபுரியிலிருந்து)

தம்பி,

பதில் என்னிடம் இருந்தது, நேற்றே சொல்லியிருக்க வேண்டும். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’. தொட்ட + அனைத்து, அகரம் தொக்குத் தொட்டனைத்து ஆயிற்று. அடுத்த அடியில் கற்றனைத்தும் அப்படியே. அந்தக் கணக்கில் அசந்த + அடி, அசந்தடி ஆகலாம். வகுப்பில் இதைச் செய்யுள் விகாரம் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன், உரைநடையில் எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன். கலைச்சொல்லுக்கு விலக்குக் கொடுக்கிறேன்.

பட்டியலில் பொருளை இப்படிப் போடுங்கள்: ‘அசந்தடி (பெயர்): கவனம் வேறிடத்தில் இருப்பவன்மேல் விழும் அடி. அடிப்பவன் மறைந்திருக்க வேண்டும் என்பதில்லை.’ வினையாக மட்டும் ஆக்காதீர்கள். ‘அசந்தடித்தான்’ என்று எழுதினால் திரும்பவும் கள்வனே தூங்கிவிடுவான். ‘அசந்தடி போட்டான்’ என்று இருக்கட்டும்.

கண்மறைவு, இடமறைவு, இருப்புமறைவு மூன்றும் சரி. காவலெண்ணில் எனக்கு ஒப்புதல் இல்லை, காவல்நிலையத் தொலைபேசி எண் போல இருக்கிறது. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.