புதுப்பிப்பு: பழைய சீவுளி மெஷினின் கறள் போய்விட்டது

மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள பட்டறையில் கிடந்த சீவுளி மெஷினின் கறளை எப்படி நீக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சொல்லித் தந்த எல்லோருக்கும் நன்றி, வார்ப்பிரும்பு மேசை இப்போது மினுங்குகிறது! அதற்கு மண்ணெண்ணெயும் நைஸ் சான்ட்பேப்பரும் போதுமாக இருந்தன.

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்புதான் (தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் கறளை நீக்குவது) அருமை. சலவைச் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பற்றரி சார்ஜர். பாகத்தில் சார்ஜரின் மறைமுனை (−), பழைய இரும்புத் தகட்டில் நேர்முனை (+). நல்ல இரும்பு தேயாது. எவர்சில்வர் தகடு மட்டும் வேண்டவே வேண்டாம், நச்சுக் குரோமியம் கரையும். ஐதரசன் வாயு வருவதால் வெளியில் வைத்துச் செய்யுங்கள். எடுத்ததும் கழுவி உடனே காயவைக்காவிட்டால் மறுபடி கறள் ஏறும்.

கல்லடிக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல்; உப்புக்காற்று சும்மா விடாது. அதனால் மேசைக்கு மெழுகு பூசியாயிற்று. சிலிக்கோன் பொலிஷ் பூசினால் மரத்தில் ஒட்டி வார்னிஷைக் கெடுக்கும். அடுத்த வேலை மெஷினின் பெயாரிங்.