ஜப்பான் காலத்துப் பள்ளிக்கூடம் "ஜாலியாக இருந்தது" என்கிறார் பாட்டி. அதை எழுதலாமா?

தெம்பனிஸ் அம்மா:
முழுமைத் தற்காப்பு தினத்தை (சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த நாளின் நினைவு) ஒட்டி மகளுக்குக் குடும்ப வரலாறு பற்றி ஓர் ஒப்படைப்பு. என் பாட்டியைப் பேட்டி எடுத்தாள். ஜப்பானியர் 1942இல் சிங்கப்பூரைப் பிடித்து ஷோனான் என்று பெயர் மாற்றியபோது பாட்டிக்கு ஒன்பது வயது. காலையில் தோக்கியோ இருக்கும் திசை பார்த்துக் குனிந்து வணக்கம், ஜப்பானிய தேசிய கீதம், அப்புறம் உடற்பயிற்சி. வகுப்பில் கத்தகானா எழுத்து, திடலில் மரவள்ளி நடுவது. "வீட்டுப்பாடமே கிடையாது, ஜாலியாக இருந்தது" என்று சிரித்தார். மகள் அதை அப்படியே எழுதிவிட்டாள். என் அண்ணனோ, "அந்த வரியை எடு, மானம் போகும்" என்கிறார். உங்கள் கருத்து?

சயாம் பேரன்:
அண்ணன் சொல்வதுதான் சரி அக்கா. என் தாத்தா பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். போரில் ஏற்றுமதி நின்றது, பால் மரம் வெட்ட வேலை இல்லை. ரயில் பாதை போடும் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஜப்பான்காரர்கள் ஆசை காட்டினார்கள். அப்புறம் ஆசை காட்டக்கூட இல்லை, பிடித்து ரயிலேற்றினார்கள். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்று கணக்கு. கைதிகளாக இறந்த வெள்ளைக்காரர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை. நம் ஆட்களில் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. தாத்தாவும் அவர் தம்பியும் போனார்கள். காலரா கொட்டகைக்குத் தம்பியைத் தூக்கிப் போனது வரை தாத்தா சொல்வார், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். இதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு "ஜாலி" என்ற சொல் எப்படி இருக்கும்?

பழைய பேனா:
தம்பி, உங்கள் வலி நியாயம். ஆனால் அதற்காக ஒன்பது வயதுப் பிள்ளையின் நினைவைத் திருத்துவது எந்த ஊர் நியாயம்? சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து மக்களின் குரலைப் பதிவு செய்துவருகிறது. நமக்கு ஒத்துவராததை வெட்டிவிட வேண்டுமென்றால் பேட்டி எதற்கு? பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போகலாமே.

பிடோக் பெரியவர்:
இந்தியர்களை ஜப்பான்காரன் மற்றவர்களைப் போல நடத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1943 ஜூலையில் நேதாஜி இங்கே வந்தார், கேத்தே கட்டடத்தில் இந்திய விடுதலை இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். அக்டோபரில் அவருடைய பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்கு முகாம் திறந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். என் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்வார். எல்லாவற்றையும் ஒப்பாரியாக்க வேண்டாம்.

சயாம் பேரன்:
ஐயா, பெருமை இருக்கட்டும். நேதாஜி இங்கே படையைப் பார்வையிட்ட அதே ஆண்டில்தான் அந்தப் பாதையில் தமிழன் காலராவில் செத்துக்கொண்டிருந்தான். அவனை யார் நடத்தியதாம்? அப்புறம் பழைய பேனா அண்ணனுக்கு: நீங்கள் சொல்லும் குரல்களெல்லாம் பிழைத்தவர்களின் குரல். சயாமில் செத்தவனுக்கு ஒப்படைப்பு எழுதப் பேத்தி இல்லை.

பழைய பேனா:
அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டியின் வரியை எடுத்துவிட்டால் செத்தவர் பேசிவிடுவாரா? இரண்டு குரலுக்குப் பதில் ஒன்றும் மிஞ்சாது, அவ்வளவுதான்.

கிம் மோ ஆசிரியை:
நான் வேறு கவலையில் இருக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள் இருப்பார்கள். 1942 பிப்ரவரி, மார்ச்சில் சீன ஆண்களை "விசாரணை" என்று வரிசையில் நிறுத்தி லாரியில் ஏற்றிப்போய்க் கொன்றார்கள். பீச் ரோட்டில் அவர்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை முன்னால் "ஜாலி" என்று வாசித்தால்? வரியை எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாட்டியிடம் மறுபடி கேளுங்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான் தெரியும்.

தெம்பனிஸ் அம்மா:
கேட்டோம். ஜப்பான்காரன் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டானாம். ஏழரை மணிப் பள்ளி என்றால் பழைய கணக்கில் ஆறு மணி, வெளியே கும்மிருட்டு. பாட்டியின் அப்பா லாந்தர் பிடித்துக்கொண்டு கூடவே வருவாராம். "எனக்கு அந்த நடை ரொம்பப் பிடிக்கும்" என்றார். அப்பா ஏன் வந்தார் என்று மகள் கேட்டாள். வழியில் காவலுக்கு நிற்கும் சிப்பாய்க்குக் குனியாமல் போனால் அறை விழும், அதனால்தானாம். அப்பா ஒருநாள் அறை வாங்கியதைப் பாட்டி பார்த்திருக்கிறார். பதினைந்து வயது அக்காவுக்கோ முடியை ஒட்ட வெட்டி, சட்டையும் கைலியும் மாட்டி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்களாம். பாட்டி பள்ளியில் பாடிய பாட்டையெல்லாம் வந்து பாடிக் காட்டுவாராம். அக்காவுக்கு அதோடு படிப்பு முடிந்தது. போருக்குப் பிறகு பாட்டி வயது கடந்த மாணவியாகச் சேர்ந்து படித்தார், அக்காவுக்குக் கல்யாணம். வாழைமர நோட்டுகள் (ஜப்பான்காரன் அச்சடித்த பணம்) ஒரே நாளில் செல்லாமல் போனதை மட்டும் இன்னும் கோபமாகச் சொல்கிறார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்ததாம்.

எல்லாவற்றையும் சேர்த்தாள் மகள். "ஜாலி" வரி அப்படியே இருக்கிறது. அண்ணன் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்.

பிடோக் பெரியவர்:
நேதாஜியைப் பற்றி ஒரு வரியாவது போட்டாளா?

தெம்பனிஸ் அம்மா:
பாட்டி அவரைப் பார்த்ததில்லை ஐயா. பார்க்காததை எப்படி எழுதுவாள்?

சயாம் பேரன்:
லாந்தரும் அக்கா முடியும் சேர்ந்த பிறகு படிக்கலாம்போல இருக்கிறது. ஆனாலும் நானாக இருந்தால் அந்த வரியை எடுத்திருப்பேன். வகுப்பில் யாராவது கையைத் தூக்கி, "உங்கள் பாட்டி ஜாலியாக இருந்தபோது என் கொள்ளுத்தாத்தா எங்கே இருந்தார் தெரியுமா?" என்று கேட்டால் மகள் என்ன சொல்வாள்? அதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.