விசிறித் துண்டுகளைச் சேர்த்தால் நடு எழும்புகிறது. 18 பாகையா, 9 பாகையா?

கேள்வி (கொக்குவில்)

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பு) தைப்பதற்கு இரண்டு விசிறி அடிமட்டங்கள், அதாவது ஒரு முனை ஒடுங்கி மறுமுனை அகன்ற துண்டு வெட்டும் அடிமட்டங்கள், அனுப்பியிருக்கிறார். ஒன்று 18 பாகை, எட்டு அங்குல நீளம். மற்றது 9 பாகை, 22 அங்குலம். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் மூன்றை வெட்டி, நான்கு அடி வட்ட மேசைக்கு ஒரு விரிப்புத் தைக்க விரும்புகிறேன். மூன்று நிறமும் மாறி மாறி வர வேண்டும்.

வேறு துணியில் 18 பாகை அடிமட்டத்தால் இருபது துண்டுகள் வெட்டிச் சேர்த்துப் பார்த்தேன். மேசையில் படியவில்லை, கவிழ்த்த தட்டைப்போல நடு எழும்பி நிற்கிறது. அக்கா தையலுக்குக் கால் அங்குலம் விடச் சொன்னார். என் மெசினின் பாதத்துக்கு ஏற்றபடி நான் 3/8 அங்குலம் விட்டேன். அதுதான் காரணமா? பெரிய விரிப்புக்கு எந்த அடிமட்டம் நல்லது?

பதில் (சுன்னாகம், தையற்கடை)

தங்கச்சி, 3/8 விட்டதால் நடு எழும்பாது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக விட்டால் துண்டின் கோணம் 18 பாகையாகவே இருக்கும். இருபது பதினெட்டு 360, வட்டம் நிறைந்துவிடும். அகலமாகத் தைத்தால் வட்டம் சிறுக்கும், அவ்வளவுதான்: கால் அங்குலத் தையலில் ஆரை 1.6 அங்குலம் குறையும், 3/8 என்றால் 2.4 குறையும்.

நடு எழும்பினால் மொத்தக் கோணம் 360க்குக் குறைந்துவிட்டது என்று பொருள். கூடியிருந்தால் ஓரம் அலையலையாக நெளியும். இரண்டு துண்டு சேர்ந்த இடத்தைப் புரட்டி, தையலிலிருந்து விளிம்புவரை ஒடுங்கிய முனையிலும் அகன்ற முனையிலும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

அளந்தேன் அக்கா. ஒடுங்கிய முனையில் 3/8, அகன்ற முனையில் 7/16. எல்லாத் தையலிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இந்தச் சிறு வித்தியாசமா இவ்வளவு செய்கிறது?

பதில் (வட்டுக்கோட்டை, கணித ஆசிரியர்)

அதுவேதான். எட்டு அங்குல நீளத்தில் 1/16 அங்குலம் சாய்ந்தால் ஒரு விளிம்பில் கிட்டத்தட்ட 0.45 பாகை போய்விடும். இருபது துண்டுக்கு நாற்பது விளிம்புகள். மொத்தம் ஏறத்தாழ 18 பாகை, அதாவது ஒரு முழுத் துண்டு காணாமல் போனதற்குச் சமம். நடு எழும்பாமல் என்ன செய்யும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று நிறம் என்கிறீர்கள். 20ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். வட்டம் முடியும் இடத்தில் வரிசை கெட்டுவிடும். 9 பாகையில் 40 துண்டுகள். அதுவும் மூன்றால் வகுபடாது.

பதில் (சாவகச்சேரி)

நான்காவது நிறத்தில் ஒரு துணி வாங்கிவிட்டால் தீர்ந்தது. இருபதும் நாற்பதும் நான்கால் வகுபடும். எட்டு அங்குல அடிமட்டம் போதாவிட்டால், துணியை நெடுக்கு இழைவழியே மடித்து, மடிப்பில் 9 பாகை அடிமட்டத்தின் ஒரு விளிம்பைப் பொருத்தி மற்ற விளிம்பை வெட்டுங்கள். விரித்தால் நீளமான 18 பாகைத் துண்டு கிடைக்கும்.

பதில் (சுன்னாகம், தையற்கடை)

மடிப்பில் வெட்டும் முறை நல்லது, நானும் செய்வதுண்டு. ஆனால் அம்மாவின் மூன்று சேலைகளுக்கு நடுவில் கடைத்துணி எதற்கு? கையில் இருக்கும் அடிமட்டத்துக்காகத் துணியை மாற்ற வேண்டாம். 24 துண்டு வரும்படி 15 பாகையில் மட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். ஆசிரியர் அளவு சொல்லட்டும்.

பதில் (வட்டுக்கோட்டை, கணித ஆசிரியர்)

பள்ளிக்கூடத்துச் சிறிய பாகைமானியை நம்ப வேண்டாம். 27 அங்குல நீளத்தில் அரைப் பாகைப் பிழையே கிட்டத்தட்ட கால் அங்குலம் வந்துவிடும். நூலும் பென்சிலும் கொண்டு கவராயத்தைப்போல 60 பாகை அமைத்து இரண்டுமுறை இருசமக்கூறிடுங்கள்: 30, பிறகு 15. கோடுகள் சந்திக்கும் உச்சியிலிருந்து இரு கோட்டிலும் 27 அங்குலம் அளந்து குறித்தால், அந்த இரு புள்ளிகளுக்கும் இடைத்தூரம் 7 அங்குலத்துக்கு ஒரு நூலிழை கூடுதலாக இருக்க வேண்டும். 3/8 தையலில் ஆரை 2.9 அங்குலம் குறைந்து மேசைக்கு வேண்டிய 24 கிடைக்கும். மேசைக்கு வெளியே தொங்க வேண்டுமானால் அந்த நீளத்தையும் கூட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

15 பாகையே செய்கிறேன் சேர். மட்டைக்கு பிறிஸ்டல் போட் போதுமா? நடுவில் 24 முனைகளும் சேர்ந்தால் தடித்துவிடாதா?

பதில் (சுன்னாகம், தையற்கடை)

தடிக்கும், மெசின் ஊசியும் உடையும். உச்சியிலிருந்து ஐந்து அங்குலத்தில் முனையை வெட்டிவிடுங்கள். தைத்த பிறகு நடுவில் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆரையில் ஓட்டை இருக்கும். அதன்மேல் மூன்றரை அங்குல ஆரையுள்ள வட்டத்துணியை விளிம்பு மடித்துக் கையால் தைத்து மூடுங்கள்.

சோக்கால் வரைந்து கத்தரிக்கோலால் வெட்டுவதானால் பிறிஸ்டல் போட் போதும், ஆனால் ஓரம் சீக்கிரம் தேயும். இரண்டு மூன்று மட்டை வெட்டி வையுங்கள். அக்கா உருளைக் கத்தியும் (வட்ட அலகு உருண்டு துணி வெட்டும் கத்தி) அனுப்பியிருந்தால் மட்டையோடு அதைப் பாவிக்க வேண்டாம், அது மட்டையையும் சேர்த்துச் சீவிவிடும். அதற்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மில்லிமீற்றர் அக்கிரிலிக்கில் வெட்டுவித்து, வழுக்காமல் அடியில் அரத்தாள் துண்டு ஒட்டுங்கள்.

பழைய சேலை இளகிய துணி. வெட்டுமுன் அரிசிக் கஞ்சி போட்டு மினுக்குங்கள். வெளிச்சத்தில் பிடித்து, இழை நைந்த இடத்தைத் தள்ளிவிடுங்கள். துண்டுகளைத் தலைகீழாக மாறி மாறி வைத்து வெட்டினால் நடுக்கோடு இழைவழியே நிற்கும், துணியும் மிச்சம். தைத்த பிறகு மினுக்கியை இழுக்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். சாய்ந்த விளிம்பு இழுத்தால் நீளும்.

முதலில் ஆறு துண்டு மட்டும் சேருங்கள். ஆறு பதினைந்து 90. வீட்டு நிலத்தின் மாபிள் ஓட்டு மூலையில் வைத்துப் பாருங்கள். இரு வெளி விளிம்பும் மூலையோடு பொருந்தினால் மற்றப் பதினெட்டையும் வெட்டலாம். பொருந்தாவிட்டால் அந்த ஆறைப் பிரிப்பது பெரிய வேலை இல்லை.

கேள்வி கேட்டவர்

ஆறு துண்டு சேர்த்தேன் அக்கா. அகன்ற முனையிலிருந்து தைக்கத் தொடங்கி, மெசின் தட்டில் 3/8க்கு ஒரு நாடா ஒட்டி, அதை ஒட்டியே துணியை விட்டேன். மூலையில் நன்றாகப் பொருந்துகிறது. மற்றச் சேலைகளுக்கும் கஞ்சி போட்டுக் காயவிட்டிருக்கிறேன்.