அப்பாயி வீட்டுச் செம்பருத்தி

குடும்பக் குழு: பாபநாசம் வீடு

ஜூன் 15, ஞாயிறு

நான்: [படம்: செம்பருத்திக் கிளை நுனி]

நான்: அத்தை, மாமா, கொஞ்சம் இதைப் பாருங்கள். மாடியில் இருக்கிற நம் செம்பருத்தியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக வந்திருக்கிறது. நாலு நாளாக மொட்டெல்லாம் பூக்காமலே உதிர்கிறது. இளந்தளிர் சுருண்டு போகிறது.

அத்தை: எந்தச் செம்பருத்தி? அம்மா வைத்ததா?

நான்: ஆமாம் அத்தை, அப்பாயி வைத்ததுதான். மூன்று வருடம் முன்னால் ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினீர்களே, அந்தக் குச்சிதான்.

அத்தை: ஐயோ, அதை விட்டுவிடாதே கண்ணு. அம்மா வீட்டுக் கிணற்றடிச் செடி போன வருடமே போய்விட்டது. வீட்டை வாங்கியவர்கள் சுவர் எழுப்பும்போது வேரோடு பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் போய்ப் பார்ப்பதற்குள் வெயிலில் காய்ந்து சுள்ளியாகிவிட்டது. நாலைந்து குச்சி ஒடித்து வந்து நட்டேன், ஒன்றும் பிடிக்கவில்லை. இப்போது அம்மா செடி என்று இருப்பது உன் தொட்டியில் மட்டும்தான்.

சித்தப்பா: எனக்கு இது தெரியவே தெரியாதே அக்கா. சொல்லியிருக்கலாமே.

அத்தை: சொல்ல மனசு வரவில்லை தம்பி.

அக்கா (ஈப்போ): நான் போன முறை வந்தபோது அந்தச் செடி முன்னால் நின்று பிள்ளைகளைப் படம் எடுத்தேன். மனசே சரியில்லை.

மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாவுப்பூச்சி. செடியில் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லம்மா.

நான்: ஆமாம் மாமா, வரிசையாகப் போகிறது. எறும்பு ஒன்றும் செய்யாது என்று விட்டுவிட்டேன்.

மாமா: அதுதான் காவல்காரன். மாவுப்பூச்சி சாறு உறிஞ்சி, இனிப்பாக ஒரு திரவம் விடும். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. பூச்சியைத் தின்ன வரும் மற்ற உயிர்களை விரட்டும், பூச்சியையே ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கொண்டுபோய் விடும். அதனால் முதல் வேலை எறும்பை நிறுத்துவது. ஒரு அகலத் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வை. தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். கிளை எதுவும் சுவரில் படக்கூடாது, பட்டால் அதையே பாலமாக்கிக்கொள்ளும்.

மாமா: அப்புறம் மோசமாகப் பிடித்த நுனிகளை வெட்டி ஒரு கவரில் போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடு. உரக்குழியில் போடாதே. மிச்சம் இருப்பதை இரண்டு நாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவு. இலைக்கு அடிப்பக்கம் முக்கியம். மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. நன்றாகக் கலக்கி, வெள்ளையாகப் பால் மாதிரி வந்த பிறகு தெளி. வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும்.

நான்: ஒரு முறை தெளித்தால் போதுமா மாமா?

மாமா: போதாது. அந்தப் பஞ்சுக்குள்தான் முட்டை இருக்கிறது, மருந்து உள்ளே போகாது. குஞ்சு பொரித்து வெளியே வரும்போது அடிக்க வேண்டும். ஆறேழு நாள் இடைவெளியில் மூன்று முறை. வேலைக்குப் போகிற பெண், மறந்துவிடுவாய். போனில் அலாரம் வைத்துக்கொள்.

சித்தப்பா: கடையில் கேட்டால் ஒரே அடியில் சாகிற மருந்து தருவார்களே அத்தான்?

மாமா: அந்தப் பூவைத்தானே தலைக்கும் வைப்போம், வாயிலும் போடுவோம். வேண்டாம். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? நான் அப்போது வேளாண்மைத் துறையில் இருந்தேன். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை, வீட்டு வாசல் செம்பருத்தியில்கூட வெள்ளை பூத்துக் கிடந்தது. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்தார்கள், அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். சில மாதங்களில் பூச்சி அடங்கிவிட்டது. கடும் மருந்து அடித்தால் நமக்கு உதவி செய்கிற உயிர்தான் முதலில் சாகும்.

மாமா: இன்னொன்று. மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, உடம்பு முழுக்க வெள்ளைச் சடை சடையாக, வேகமாக ஊர்கிற புழு ஒன்றைப் பார்த்தால் கொல்லாதே. அது பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கும்.

நான்: சரி மாமா. இன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

அண்ணி: காலை வணக்கம். செம்பருத்திப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். பூவைக் கொதிக்க வைத்து டீ போல குடித்தால் உடம்புக்குக் குளிர்ச்சி என்கிறார்கள். நான் குடிக்கலாமா அத்தை?

அத்தை: வேண்டாம்மா. இப்போது உனக்கு மூன்றாம் மாதம். மாசமாக இருப்பவர்களும், குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் செம்பருத்திப் பூவை உள்ளுக்குச் சாப்பிடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லும். தலைக்கு வைத்துக்கொள், தலையில் தேய், அதோடு நிறுத்திக்கொள்.

மாமா: அத்தை சொல்வது சரி. எலிகளில் செய்த சோதனைகளிலும், இந்தப் பூவின் சாறு கரு தங்குவதைத் தடுத்தது என்று கண்டிருக்கிறார்கள். பிரசவம் ஆகிறவரை வேண்டாம்.

அண்ணி: நல்ல வேளை கேட்டேன். நன்றி அத்தை, நன்றி மாமா.

சித்தப்பா: [படம்: டீ பாக்கெட், உள்ளே கருஞ்சிவப்புச் சருகு]

சித்தப்பா: நான் பிபிக்காக இந்தச் செம்பருத்தி டீ வாங்கினேன் அத்தான். புளிப்பாக நன்றாகவே இருக்கிறது.

மாமா: அது நம் செம்பருத்தி இல்லை தம்பி. உள்ளே இருப்பது பூவிதழே இல்லை, பூவுக்கு அடியில் இருந்து, பூ உதிர்ந்த பிறகு தடித்துச் சிவக்கிற புல்லிவட்டம். புளிச்சக்கீரை இனத்துச் செடி, ஆந்திராக்காரர்கள் கோங்குரா என்பார்களே, அதன் உறவு. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால் சொல்வதால் வந்த குழப்பம். நம் பூவில் டீ போட்டால் அந்தப் புளிப்பு வராது.

சித்தப்பா: அப்படியானால் பிபி குறையும் என்று சொன்னது?

மாமா: இந்தப் புளிச்சை டீக்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 65 பேரை வைத்துச் செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. தினமும் 3 கப், 6 வாரம். குடித்தவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 7 புள்ளி குறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் பிபி மாத்திரை போடாதவர்கள். நீ தினம் மாத்திரை போடுகிறாய். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கினால் தலைசுற்றி விழுவாய். டாக்டரிடம் பாக்கெட்டையே காட்டிக் கேள். மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

சித்தப்பா: இல்லை அத்தான், நிறுத்த மாட்டேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், கேட்கிறேன்.

அக்கா (ஈப்போ): இங்கே மலேசியாவில் நம் சிவப்புச் செம்பருத்திதான் தேசியப் பூ. 1960இல் அறிவித்தார்கள், பெயர் புங்கா ராயா. அதன் ஐந்து இதழும் நாட்டின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்று என் பெண் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னாள். “இது என் பூட்டி வீட்டுப் பூ” என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

அத்தை: என் தங்கம். அவளுக்குச் சுற்றிப் போடு.

ஜூலை 6, ஞாயிறு

நான்: [படம்: விரிந்த சிவப்புப் பூ]

நான்: மூன்று முறையும் தெளித்துவிட்டேன் மாமா. எறும்பு இல்லை, பஞ்சு இல்லை. இன்று காலை முதல் பூ.

அத்தை: அம்மா கையில் வைத்திருக்கிற மாதிரியே இருக்கிறது. அதே அடர் சிவப்பு, அதே நீளக் காம்பு. வெள்ளிக்கிழமை என்றால் ஒரு குடலை நிறையப் பறித்து மாரியம்மனுக்குக் கொண்டுபோகும்.

அண்ணி: அத்தை, அப்பாயி தலைக்குத் தேய்த்துவிடும் என்று இவர் அடிக்கடி சொல்வார். எப்படிச் செய்வது?

அத்தை: பத்துப் பதினைந்து முற்றாத இலை, இரண்டு மூன்று பூ. பூவில் நடுக்காம்பையும் மகரந்தத்தையும் எடுத்துவிடு. ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்கு. வெண்டைக்காய் மாதிரி கொழகொழவென்று வரும். மெல்லிய துணியில் வடிகட்டு, இல்லையென்றால் திப்பி முடியில் சிக்கி நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். எண்ணெய் வைத்த தலையில் தேய்த்து, கால் மணி நேரம் வைத்து அலசு. அவ்வளவுதான், சீயக்காய்கூட வேண்டாம். மிக்சியில் அரைத்தால் நுரைத்துப்போகும், கையால் கசக்குவதுதான் சரி. எல்லாரும் பூ பூ என்பார்கள். வேலை செய்வது இலைதான் என்று அம்மா சொல்லும்.

மாமா: மாமியார் சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. சென்னையில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த இலைச் சாற்றையும் பூச்சாற்றையும் எலிகளில் தடவிப் பார்த்தார்கள், 2003இல் வெளியிட்டார்கள். முடி வளர்ச்சிக்கு இலைதான் கூடுதலாக உதவியது. எலியில் வந்தது மனிதனுக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் முடி மென்மையாவதை என் வீட்டில் நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்.

அண்ணி: எங்கள் அம்மா செம்பருத்தி எண்ணெய் காய்ச்சினார்கள், பத்து நாளில் பூசணம் பிடித்துவிட்டது.

அத்தை: பூவை ஈரத்தோடு போட்டிருப்பார்கள். நிழலில் சருகாகக் காய வைத்த பிறகுதான் எண்ணெயில் போட வேண்டும். சிறு தீயில், சலசலப்பு அடங்குகிறவரை. சலசலப்பு இருக்கிறது என்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூலை 20, ஞாயிறு

மாமா: ஆடி பிறந்துவிட்டது. பூச்சி இல்லாத செடி, மழை ஈரம். இப்போது குச்சி வெட்டலாம்.

நான்: விதை எடுக்க முடியாதா மாமா? வெட்டப் பயமாக இருக்கிறது.

மாமா: இங்கே செம்பருத்தியில் விதை பிடிப்பது அரிது. பிடித்தாலும் முளைப்பது வேறு செடியாக இருக்கும், வேறு நிறத்தில் பூக்கலாம். அம்மா செடியே வேண்டும் என்றால் குச்சிதான். உன் தொட்டியில் இருப்பது கிணற்றடிச் செடியின் பிள்ளை இல்லை, அந்தச் செடியேதான்.

மாமா: ஒரே நாளில் நிறைய வெட்டாதே. ஏழு குச்சி போதும். பென்சில் கனம், ஒரு சாண் நீளம். பச்சைத் தண்டும் வேண்டாம், முற்றிய மரமும் வேண்டாம், பழுப்பு ஏற ஆரம்பித்த கிளை. கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டு. மேலே இரண்டு இலை விட்டு, அதையும் பாதியாகக் கத்தரி. மணலும் தேங்காய் நார்க் கழிவும் சமமாகக் கலந்து, இரண்டு கணு உள்ளே போகிற மாதிரி நடு. மொட்டு இருந்தால் கிள்ளிவிடு. நிழலில் வை. உரம் எதுவும் வேண்டாம்.

அத்தை: நான் நட்டது ஏன் பிடிக்கவில்லை?

மாமா: நீ கொண்டுவந்தது ஏற்கெனவே வெயிலில் உலர்ந்த குச்சி. உன் கையில் குறை இல்லை.

நான்: தினம் பிடுங்கிப் பார்க்கத் தோன்றுமே மாமா!

மாமா: தொடவே கூடாது. இலை துளிர்ப்பதை நம்பாதே, குச்சியில் இருக்கிற சத்திலேயே துளிர்க்கும். நாலைந்து வாரம் கழித்து லேசாக இழுத்துப் பார். இறுக்கமாக நின்றால் வேர்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான்: [படம்: சிறு கவர்களில் நான்கு நாற்றுகள்]

நான்: ஏழில் நாலு பிடித்துவிட்டது. ஒன்று அழுகியது, இரண்டு துளிர்த்துக் காய்ந்தது. தாய்ச் செடியும் நன்றாக இருக்கிறது.

சித்தப்பா: எனக்கு ஒன்று கட்டாயம். தெற்குப் பார்த்த பால்கனி, ஆறு மணி நேரம் வெயில் வரும்.

மாமா: போதும். 15 அங்குலத் தொட்டி, அடியில் ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடு. எலும்புத் தூளை அள்ளிப் போடாதே, செம்பருத்திக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானால் இலை மஞ்சளாகும். மண்புழு உரம் மாதம் ஒரு கை.

அக்கா (ஈப்போ): விமானத்தில் செடி கொண்டுவர அனுமதிக் கடிதம் அது இது என்று ஆகும். என் பங்கை அத்தைக்கே கொடுத்துவிடு. நான் வரும்போது அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணி: எங்களுக்கு ஒன்று. குழந்தை பிறந்த பிறகு தலைக்குத் தேய்க்க இலை வேண்டும்.

நான்: அப்போது அத்தைக்கு இரண்டு, சித்தப்பாவுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன் அத்தை.

அத்தை: வேருக்கு ஈரத்துணி சுற்றி எடுத்து வா. ஜன்னல் பக்கம் வைக்காதே, காற்றில் இலை வாடிவிடும். உன் மாமா இப்போதே கொல்லையில் குழி எடுக்கப் போய்விட்டார்.