ஃபிளேம்ப்ரூஃப் பாக்ஸுக்குள் மழைத்தண்ணீர்: சிலிக்கான் வைத்து அடைக்கலாமா?

கேள்வி (தின்னர் யூனிட் எலக்ட்ரீஷியன்):
வணக்கம். டொலுயின் (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) பம்ப் பக்கத்தில், ஜோன் 1 பகுதியில் (வழக்கமான வேலையின்போதே வெடிக்கக்கூடிய கேஸ் இருக்கலாம் என்ற இடம்), ஃபிளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று வெளியில் இருக்கிறது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர். டெர்மினல் பச்சை பிடித்து பம்ப் டிரிப் ஆகிறது. மூடி விளிம்பில் ஆர்டிவி சிலிக்கான் (காற்றில் தானாக இறுகும் பசை) பூசச் சொல்கிறார் சூப்பர்வைசர். ஃபிட்டர் 3 மி.மீ. ரப்பர் ஷீட்டில் கேஸ்கெட் வெட்டித் தருகிறேன் என்கிறார். எது சரி?

பதில் (கமிஷனிங் ஆள்):
இரண்டையும் செய்யாதீர்கள். இந்த பாக்ஸ் கேஸ் உள்ளே வராமல் தடுப்பதற்காகச் செய்தது இல்லை. கேஸ் வரும், உள்ளே தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைப் பாக்ஸ் தாங்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாக வெளியேறும் சூடான வாயு, வெளியே இருக்கும் கேஸைப் பற்ற வைக்காத அளவுக்குக் குளிர்ந்துவிடும். 3 மி.மீ. ஷீட் வைத்தால் இடுக்கே 3 மி.மீ. ஆகிவிடும், அப்புறம் அது சாதாரண டப்பாதான். சிலிக்கான் காய்ந்து இறுகும். அடுத்த முறை திறக்க ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுவீர்கள், மூடியும் உடலும் சேரும் உலோக முகம் கீறிப்போகும். பக்கத்தில் கேட்டலிட்டிக் வகை (கேஸை எரித்து அளக்கும்) கேஸ் டிடெக்டர் இருந்தால் சிலிக்கான் ஆவி அதன் சென்சாரையும் கெடுத்துவிடும்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது? கேபிள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைப் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டவர்:
கேபிள் மேலிருந்து இறங்குகிறது, சிங்கிள் கம்ப்ரஷன் கிளாண்ட் (கேபிளை ஓர் இடத்தில் மட்டும் இறுக்குவது). பயன்படாத என்ட்ரி (கேபிள் துளை) ஒன்றில் பாக்ஸோடு வந்த பிளாஸ்டிக் பிளக் இருக்கிறது.

பதில் (இன்ஸ்பெக்ஷன் வேலை பார்ப்பவர்):
அடடா, தண்ணீரை விட அந்த பிளக்தான் ஆபத்து! அது தூசி போகாமல் இருக்க, போக்குவரத்துக்காக மாட்டுவது. உள்ளே வெடித்தால் தெறித்துவிடும், நெருப்பு நேரே வெளியே வரும். சப்ளையைத் துண்டித்து லாக் போட்டு, அதே த்ரெட்டில் ஃபிளேம்ப்ரூஃப் சான்று பெற்ற பிளக் மாட்டுங்கள். கிளாண்டையும் மாற்றுங்கள். டபுள் கம்ப்ரஷன் என்று வாங்கினால் மட்டும் போதாது, அதற்கும் ஃபிளேம்ப்ரூஃப் சான்று வேண்டும், கேபிள் விட்டத்துக்குப் பொருந்தவும் வேண்டும். முடிந்தால் கேபிளைக் கீழ் என்ட்ரிக்குக் கொண்டுபோங்கள்.

மூடி முகத்தில் எமரி பேப்பர் படக்கூடாது. துடைத்து, சிலிக்கான் இல்லாத, இறுகாத கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். பெயின்டும் கூடாது. போல்ட் ஒன்றுகூட விடுபடக்கூடாது.

நேம்பிளேட்டில் ஐபி எண்ணை (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டுவது) பாருங்கள். வெடிப்பைத் தாங்குவது வேறு, மழையைத் தாங்குவது வேறு. ஐபி66 என்றால் கிளாண்ட், பிளக் சரியானதும் பெரும்பாலும் தண்ணீர் நின்றுவிடும். குறைவான எண் என்றால் பாக்ஸையே மாற்றுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். புது பாக்ஸ் வரும்வரை தகரக் கூரை போடலாமா?

பதில் (இன்ஸ்பெக்ஷன் வேலை பார்ப்பவர்):
போடலாம். ஆனால் மூடி இடுக்குக்கு எதிரே தகரம் ஒட்டி நிற்கக் கூடாது. கேஸ்களை வெடிப்பு எவ்வளவு எளிதில் இடுக்கு வழியே கடக்கும் என்பதை வைத்து ஐஐஏ, ஐஐபி, ஐஐசி என்று பிரிப்பார்கள். டொலுயின் ஐஐஏ குழு, குறைந்தது 10 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும். ஐஐபி என்றால் 30, ஹைட்ரஜன் மாதிரி ஐஐசி என்றால் 40. கூரையைச் சுவரில் அடியுங்கள். பாக்ஸில் துளை போட்டால் அதன் சான்றிதழ் செல்லாது.