சூடானதும் மிஸ்ஸிங்: காயிலா, இக்னைட்டரா?

1990 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு குறையும் இல்லை. அரைமணி ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானதும் 2, 3 சிலிண்டர்களில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுகிறது). மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் திணறுகிறது. ஆறவிட்டால் சரியாகிவிடும். போன மாதம்தான் தொடங்கியது.

பிளக், பிளக் ஒயர் எல்லாம் மாற்றியாயிற்று. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒன்று, 2, 3 சிலிண்டர்களுக்கு ஒன்று என்பதால் சந்தேகம் அங்கேதான். ஆனால் ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் காயிலின் பிரைமரி சுற்று 0.85 ஓம், பிளக் பக்கமுள்ள செகண்டரி சுற்று 13 கிலோ ஓம். இரண்டு காயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் சூட்டோடு ஸ்பார்க் டெஸ்டர் போட்டேன்: 2-3 பக்கம் பொறி மெலிந்து, மஞ்சளாக வருகிறது.

காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் இக்னைட்டர் இந்த மாடலில் தனியாக இருப்பதுதான் குழப்பம். காயிலோ இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில்.

பழுது காயிலிலா இக்னைட்டரிலா என்று, காயிலைக் கழற்றாமலே உறுதிசெய்ய என்ன வழி?